லேப்டாப் ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, கொதிக்குது – அவசர உதவி

முகில்7:
எல்லாருக்கும் வணக்கம். லினக்ஸ்ல ஃபேன் சுத்தவே மாட்டேங்குது. அடியில கை வைக்க முடியல. பிரவுசர்ல நாலு டேப் திறந்து வீடியோ ஓடவிட்டா அஞ்சே நிமிஷத்துல எல்லாம் ஆமை வேகம், மவுஸ்கூட திக்கித் திக்கித்தான் நகருது. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணியும் பார்த்தாச்சு. நாளைக்குக் காலைல ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

அருவி:
என்ன லேப்டாப் ப்ரோ? எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ்ல எந்த வகை?

தூசிதட்டி:
தூசிதான். சந்தேகமே வேண்டாம். கீழ்மூடியைக் கழட்டி, ஃபேனுக்கும் சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல பாருங்க, பஞ்சு மாதிரி அடைச்சிருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. காத்துல தாறுமாறா சுத்தவிட்டா பேரிங் போயிடும். அப்படியே சிபியுவுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பேஸ்ட்டையும் மாத்திடுங்க.

கெர்னல்_கிழார்:
மாடல் இல்லை, டிஸ்ட்ரோ இல்லை, கெர்னல் பதிப்பு இல்லை, வெப்பநிலை காட்டும் சென்சார்ஸ் கட்டளையின் அவுட்புட் இல்லை. "லினக்ஸ்ல" என்றால் எதில்? கேள்வி எப்படிக் கேட்க வேண்டும் என்று மேலேயே ஒட்டி வைத்திருக்கிறது. அதைப் படிக்க இரண்டு நிமிடம்கூட இல்லாதவருக்கு மற்றவர்கள் ஒரு மணி நேரம் செலவழிக்க வேண்டுமா?

சர்வர்ரூம்:
எது சிபியுவைத் தின்னுதுன்னு காட்டுற டாப் கட்டளையை ஓட்டிப் பாருங்க. கேவொர்க்கர்னு கெர்னலோட வேலை ஒண்ணு சிபியுவை 80, 90 சதவீதம் தின்னுதா? அப்படின்னா ஏசிபிஐ இன்டரப்ட் மழை, அதாவது ஹார்ட்வேர் கெர்னலை ஓயாமக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ் ஃபோல்டர்ல ஜிபிஇன்னு தொடங்குற ஃபைல்களைப் படிங்க. ஏதாவது ஒண்ணுல மட்டும் எண்ணிக்கை லட்சக்கணக்குல ஏறிக்கிட்டே இருந்தா அதுதான் ஆளு. அதுக்குள்ள ரூட்டா (அட்மின் உரிமையோட) டிசேபிள்னு எழுதினா அடங்கிடும்.

அருவி:
பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டி, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துற ஃபேன்கன்ட்ரோலை செட் பண்ணிப் பாருங்களேன். இல்லேன்னா பூட் பண்ற கிரப்ல ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=லினக்ஸ் போட்டா சிலருக்குச் சரியாகுதுன்னு எங்கேயோ படிச்சேன்.

கெர்னல்_கிழார்:
இரண்டும் வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது எம்பெடட் கன்ட்ரோலர், போர்டில் இருக்கும் தனிச் சில்லு. பிடபிள்யூஎம்கான்ஃபிக் "பிடபிள்யூஎம் வசதியுள்ள சென்சார் மாட்யூல் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியேறும். அந்த கிரப் வரியோ பயாஸிடம் "நான் லினக்ஸ்" என்று சொல்வதற்கானது. கெர்னல் தானாக அதைச் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பழைய பதிவுகளிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

முகில்7:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். திங்க்பேட் டி480, ஐ5-8250யு, டெபியன். கேவொர்க்கர் எல்லாம் இல்ல, ஃபயர்ஃபாக்ஸ்தான் மேல இருக்கு. சென்சார்ஸ்ல பேக்கேஜ் (மொத்த சிபியு) 97, 98 டிகிரி காட்டுது. ஃபேன்1 0 ஆர்பிஎம். திறந்து பார்க்க என்கிட்ட ஸ்க்ரூடிரைவர் இல்ல.

தூசிதட்டி:
0 ஆர்பிஎம்னா ஃபேனே செத்திருக்கும். புதுசு வாங்கிப் போடுங்க.

நிலா_பா:
அவசரப்பட்டு வாங்க வேண்டாம் தம்பி. திங்க்பேட் ஆன் ஆகும்போது பயாஸ் ஃபேனைச் சோதிக்கும். ஃபேன் செத்திருந்தால் "ஃபேன் எரர்" என்று திரையில் காட்டி அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு பூட் ஆகிறது, அப்படியென்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. யாரோ அதைச் சுற்றாதே என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள்.
/ப்ராக்/ஏசிபிஐ/ஐபிஎம்/ஃபேன் என்ற ஃபைலை கேட் கட்டளை போட்டு ஸ்டேட்டஸ், ஸ்பீடு, லெவல் மூன்று வரியையும் இங்கே ஒட்டுங்கள்.
டெபியன் எத்தனை? போன வாரம் 12லிருந்து 13க்கு மாறினீர்களா?
ஃபேனைக் கட்டுப்படுத்தும் திங்க்ஃபேன், மின்சாரம் மிச்சப்படுத்தும் டிஎல்பி என்று ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

முகில்7:
ஸ்டேட்டஸ் டிசேபிள்ட், ஸ்பீடு 0, லெவல் 0. ஆமா, சனிக்கிழமைதான் 13க்கு மாத்தினேன். திங்க்ஃபேன் ரொம்ப நாளா இருக்கு, அதுல நான் எதையுமே தொடல.

கெர்னல்_கிழார்:
முதல் பதிவிலேயே "டெபியன் 13க்கு மாறினேன், திங்க்ஃபேன் இருக்கிறது" என்ற ஒரு வரி இருந்திருந்தால் இத்தனை பதிவு தேவைப்பட்டிருக்காது. எல்லோரும் இதைக் கவனியுங்கள்.

நிலா_பா:
விடை லெவல் வரியில் இருக்கிறது. எம்பெடட் கன்ட்ரோலர் தானாக ஓட்டினால் அங்கே "ஆட்டோ" என்று இருக்கும். 0 என்றால் ஒரு நிரல் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறது. அது திங்க்ஃபேன்.

முதலில் சூட்டைத் தணியுங்கள். சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் திங்க்ஃபேன். ஒழுங்காக நின்றால் லெவலை ஆட்டோவுக்கே திருப்பிவிட்டுத்தான் போகும். திரும்பவில்லை என்றால் எக்கோ லெவல் ஆட்டோ | சூடோ டீ, அதோடு அந்த ஃபேன் ஃபைலின் பாதை. சூடோ எக்கோ போட்டு > குறியால் எழுதப் பார்த்தால் "பெர்மிஷன் டினைட்" வரும். அந்தக் குறியைச் செயல்படுத்துவது ரூட் அல்ல, உங்கள் ஷெல். இதோடு நாளைய வேலையை முடித்துவிடலாம்.

இப்போது காரணம். திங்க்ஃபேன் கான்ஃபிக்கில் சென்சார் பாதை /சிஸ்/கிளாஸ்/எச்டபிள்யூமான்/எச்டபிள்யூமான்4/டெம்ப்1_இன்புட் மாதிரி எண்ணோடு இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த 4 நிரந்தரம் இல்லை. பூட்டின்போது டிரைவர்கள் எந்த வரிசையில் பதிவாகின்றனவோ அந்த வரிசையில் எண் விழும். டெபியன் 12ல் கெர்னல் 6.1, 13ல் 6.12. வரிசை மாறினால், சிபியு இருந்த இடத்தில் எஸ்எஸ்டியோ வைஃபையோ உட்கார்ந்துவிடும். அதே ஃபோல்டரில் நேம் என்ற ஃபைலைப் படித்துச் சொல்லுங்கள்.

முகில்7:
நேம்ல என்விஎம்இன்னு வருது. டெம்ப்1_இன்புட் 41850.

நிலா_பா:
அதேதான், என்விஎம்இ என்பது எஸ்எஸ்டி. அந்த எண் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியில் வருவது, அதாவது 41.85. சிபியு 98ல் வெந்துகொண்டிருக்க, திங்க்ஃபேன் எஸ்எஸ்டியின் 41 டிகிரியைப் பார்த்து "குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது" என்று ஃபேனை 0லேயே வைத்திருக்கிறது. இந்தச் சிபியுவின் எல்லை 100 டிகிரி. அதை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும், மவுஸ் திக்கியது அதனால்தான்.

சர்வர்ரூம்:
கட்டளை வராம போனா தலையிடுற வாட்ச்டாக் இருக்கே அக்கா? 120 வினாடில ஆட்டோவுக்குத் திரும்பியிருக்கணுமே?

நிலா_பா:
திங்க்ஃபேன் செத்திருந்தால் திரும்பியிருக்கும். அது உயிரோடு இருந்து அவ்வப்போது "லெவல் 0" என்று புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் கட்டளை அனுப்பவில்லை என்றால்தான் வாட்ச்டாக் தலையிடும். தவறான கட்டளையை அதற்கு அடையாளம் தெரியாது.

முகில், மாற்ற வேண்டியது சென்சார்ஸ் பகுதி மட்டும். எச்டபிள்யூமான் என்ற இடத்தில் எண் இல்லாமல் /சிஸ்/கிளாஸ்/எச்டபிள்யூமான் என்று நிறுத்துங்கள். அடுத்த வரியில் நேம்: கோர்டெம்ப், இது இன்டெல் சிபியுவின் வெப்பநிலை டிரைவர். அதற்கடுத்து இன்டைசஸ்: [1]. 1 என்பது மொத்த பேக்கேஜ். 2 முதல் 5 வரை நான்கு கோர்களும் தனித்தனியாக. யாமல் ஃபைல் என்பதால் டேப் கீ வேண்டாம், ஸ்பேஸ் மட்டும்.

லெவல்களுக்கு இப்படித் தொடங்கலாம். லெவல் 0க்கு 0–52, 2க்கு 48–60, 4க்கு 56–68, 7க்கு 64–82, அதற்கு மேல் கட்டுப்பாடில்லா முழு வேகமான டிஸ்எங்கேஜ்டுக்கு 78–32767 (அதாவது மேல் எல்லை இல்லை). ஒன்றின் தொடக்கம் முந்தையதன் முடிவுக்குச் சில டிகிரி கீழே இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் எல்லையில் நின்று ஃபேன் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் காதைக் கொல்லும்.

சேமித்ததும் சர்வீஸை உடனே தொடங்காமல் சூடோ திங்க்ஃபேன் -என் என்று முன்னணியில் ஓட்டுங்கள், பிழை இருந்தால் எந்த வரி என்று அங்கேயே காட்டும். பிழை வருகிறதே என்று பெரிய -டி கொடுத்து ஓட்டாதீர்கள், அது எல்லாப் பாதுகாப்புச் சோதனையையும் அணைத்துவிடும்.

கெர்னல்_கிழார்:
திங்க்ஃபேனே எதற்கு? ஆட்டோவில் விட்டால் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். கான்ஃபிக் எழுதத் தெரியாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

நிலா_பா:
ஆட்டோ பாதுகாப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தமில்லாத அறையில் எழுதுகிறவர்களுக்கு, எந்த டிகிரியில் ஃபேன் தொடங்க வேண்டும் என்று தாங்களே தீர்மானிப்பது பெரிய விஷயம். எண்ணை விட்டுப் பெயரை எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

தூசிதட்டி:
நான் சொன்னதும் தப்பில்லையே. 2018 மெஷின், பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். வருஷா வருஷம் மாத்தணும்.

சர்வர்ரூம்:
வருஷா வருஷமா? எதுக்கு? ஃபேனை லெவல் 7ல நிறுத்தி வச்சு, சிபியுவுக்கு முழு வேலை கொடுக்குற ஸ்ட்ரெஸ்-என்ஜி 10 நிமிஷம் ஓட்டுங்க. பேக்கேஜ் மெதுவா ஏறி ஒரு இடத்துல நின்னா பேஸ்ட் நல்லாயிருக்கு. ரெண்டே வினாடில 95க்குத் தாவி, வெளிய வர்ற காத்து குளிர்ச்சியா இருந்தா சூடு சிங்க்குக்கே போகலன்னு அர்த்தம். அப்போ மாத்துங்க. சும்மா சும்மா கழட்டினா திருகு மரைதான் தேயும்.

தூசிதட்டி:
லேப்டாப்புல சிபியு மேல மூடி கிடையாது, வெறும் சில்லு. சூடாகி ஆறி சூடாகி ஆறி நீர்த்த பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிடும். டெஸ்க்டாப்புக்குச் சொல்ற கணக்கு இங்க செல்லாது.

சர்வர்ரூம்:
அப்படின்னா கெட்டியான பேஸ்ட் போடுங்க, இல்லேன்னா பேஸ்ட்டுக்குப் பதிலா வைக்கிற ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட். அது பிதுங்காது. அதுக்கு ஏன் வருஷக் கணக்கு?

தூசிதட்டி:
ஷீட்டு பேருல போலி நிறைய சுத்துது. பேஸ்ட்டுன்னா 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, அரிசி அளவு வச்சு, திருகுக்குப் பக்கத்துல இருக்கிற எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினா முடிஞ்சது.

நிலா_பா:
யார் திறந்தாலும் ஒன்று. டி480ல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. வெளிப் பேட்டரியைக் கழற்றினாலும் போர்டில் மின்சாரம் இருக்கும். முதலில் பயாஸில் கான்ஃபிக், பவர் பகுதிக்குப் போய் "டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி" கொடுத்துவிட்டுத்தான் மூடியில் கை வையுங்கள்.

முகில்7:
பேர் போட்டு மாத்தியாச்சு. வீடியோ ஓடும்போது 62 டிகிரி, ஃபேன் சுத்துது. நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. ப்ராஜெக்ட் வேலைக்குப் போறேன்.

நிலா_பா:
நல்லது. முடிந்ததும் ஒருமுறை சஸ்பெண்ட் செய்து எழுப்பி, லெவல் வரியை மறுபடி பாருங்கள். திங்க்ஃபேன்-ஸ்லீப், திங்க்ஃபேன்-வேக்கப் என்று இரண்டு சர்வீஸ் உண்டு, அவை எனேபிள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தூங்கி எழுந்த பிறகு ஃபேன் பழைய நிலைக்கு வராமல் போகலாம். பார்த்துச் சொல்லுங்கள்.

பனைமரம்:
இதே பிரச்சினைதான் எனக்கும். ஆனா என்னோடது ரைசன். கோர்டெம்ப்னு எதுவுமே இல்லையே?

நிலா_பா:
ஏஎம்டியில் கோர்டெம்ப் வராது. நேம் இடத்தில் கே10டெம்ப், இன்டைசஸ் [1]. சென்சார்ஸில் டிசிடிஎல் என்று காட்டுவது அதுதான். மாடல், டிஸ்ட்ரோ, ஃபேன் ஃபைலின் மூன்று வரியோடு தனி இழை தொடங்குங்கள்.