நம்ம வீடு குழு: ஹாலுக்கு எத்தனை இன்ச் டிவி?

அப்பா: ஹால் டிவி நேத்து ராத்திரியோட போயிடுச்சு. சத்தம் வருது, படம் வரல. டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள மங்கலா படம் ஓடுறது தெரியுது.

சித்தப்பா: அப்போ பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால எரியுற விளக்கு, போயிருக்கு அண்ணே. பேனல் நல்லாத்தான் இருக்கு. எல்இடி ஸ்ட்ரிப் மாத்தினா ஓடும். தூக்கிப் போட்டுடாதீங்க.

அம்மா: அதைச் சரி பண்ணி உள் ரூம்ல வச்சுக்கலாம். ஹாலுக்கு இந்தத் தடவை பெருசா வாங்கிடுவோம். மாமாவுக்கு, அதான் பசங்களோட தாத்தாவுக்கு, கீழ ஓடுற எழுத்து தெரியவே மாட்டேங்குது. நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் போய் டிவி பக்கத்துல நின்னு படிச்சுட்டு வர்றார்.

தம்பி: 75!!!

அப்பா: 75 எல்லாம் நம்ம ஹாலுக்கு அடங்குமா? 55 போதும்னு தோணுது.

அக்கா: இன்ச்சை அப்புறம் பேசுவோம். சோபாலேருந்து சுவர் வரைக்கும் எவ்வளவு தூரம்? யாராவது டேப் புடிச்சு அளந்து போடுங்க.

தம்பி: சாஞ்சு உக்காந்தா கண்ணுலேருந்து சுவருக்கு 260 செ.மீ. எட்டரை அடி.

சித்தப்பா: சரியான அளவு கொடுத்தே. இப்ப கணக்கு பாப்போம். இன்ச்ங்கிறது மூலைக்கு மூலை. 55 இன்ச்னா அகலம் 122 செ.மீ., 65னா 144, 75னா 166. படம் நம்ம பார்வையில 30 டிகிரியாவது அடைக்கணும்னு ஒரு அளவுகோல் இருக்கு, தியேட்டர் மாதிரி வேணும்னா 40. நம்ம 260 செ.மீ. தூரத்துல 55 வச்சா 26 டிகிரிதான் வரும். 65க்கு 31. 75க்கு 35.

சித்தப்பா: அதனால அண்ணே, 55 சின்னதுதான். வாங்கின ஒரு வாரத்துல கண்ணுக்குப் பழகிடும், அப்புறம் இன்னும் கொஞ்சம் பெருசா எடுத்திருக்கலாமேன்னு தோணும். பெருசா வாங்கிட்டோம்னு குறைப்பட்டவங்களை என் சர்வீஸ்ல நான் அதிகம் பார்த்ததில்ல.

தம்பி: அப்ப 75 தான் சித்தப்பா!

சித்தப்பா: இருடா, இன்னும் பேச்சு முடியல.

அம்மா: 144 செ.மீ.ன்னா எவ்வளவு பெருசுன்னு எனக்குப் பிடிபடல.

நான்: அம்மா, பழைய பேப்பரை ஒட்டிப் பாருங்க. 144 அகலம், 81 உயரம். செல்லோ டேப் போட்டுச் சுவர்ல ஒட்டினா அதுதான் 65. பக்கத்துலயே 166க்கு 93 ஒண்ணு ஒட்டினா 75.

தம்பி: 📷 போட்டோ

தம்பி: ஒட்டியாச்சு. 65 அலமாரிக்கும் கதவுக்கும் நடுவுல உக்காந்துடுச்சு. 75 வச்சா ஸ்விட்ச் போர்டை மூடிடும் போல.

அம்மா: இப்பத்தான் புரியுது. 65 லட்சணமா இருக்கு.

அக்கா: நான் வேற ஒண்ணு கேக்கணும். அந்த டிவியை நாள் முழுக்கப் பாக்குறது யாரு? நாம எல்லாரும் சேர்ந்து சாயந்திரம் ரெண்டு மணி நேரம். தாத்தா காலைல எந்திரிச்சதுலேருந்து. அப்போ சோபாலேருந்து அளந்தா போதுமா? தாத்தா நாற்காலிலேருந்து அளக்கணும் இல்லையா?

அப்பா: நியாயம்தான்.

நான்: ஆமா, எனக்கும் இதுதான் முக்கியம். தாத்தா ஜன்னல் ஓரமா, பக்கவாட்டுல உக்காந்திருக்கார். டிவியை நேரா பாக்குறதே இல்ல. அவர் இடத்துலேருந்து எது தெளிவா தெரியுதோ அதை வாங்கிடுவோம். மத்த எல்லாருக்கும் அது போதும்.

தம்பி: அளந்துட்டேன். தாத்தா நாற்காலிலேருந்து டிவி நடு வரைக்கும் 200 செ.மீ. ஆனா நல்ல சாய்வு, கிட்டத்தட்ட 45 டிகிரி இருக்கும்.

சித்தப்பா: இப்பத்தான் விஷயத்துக்கு வந்திருக்கோம். அந்த 45 டிகிரி பெரிய விஷயம். சொல்றேன்.

சித்தப்பா: எல்சிடி பேனல் ரெண்டு ஜாதி. ஒண்ணு விஏ. கறுப்பு நல்ல கறுப்பா வரும், ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படம் பார்த்தா அருமையா இருக்கும். ஆனா பக்கவாட்டுலேருந்து பார்த்தா நிறம் வெளுத்துப் போயிடும். இன்னொண்ணு ஐபிஎஸ். பக்கவாட்டுலேருந்தும் நிறம் நிக்கும், ஆனா இருட்டு ரூம்ல கறுப்பு சாம்பல் மாதிரி தெரியும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கணக்குல ஐபிஎஸ் 1000க்கு 1 பக்கம், விஏ 3000க்கு மேல. கடைக்காரர் இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார், பெட்டியிலயும் போட்டிருக்காது. நாமளே பக்கவாட்டுல போய் நின்னு பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்.

அக்கா: ஓஎல்இடின்னா பக்கவாட்டுலேருந்தும் நல்லா தெரியுமே சித்தப்பா?

சித்தப்பா: தெரியும். அதுல பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைஞ்சா முழுக் கறுப்பு. 1987ல கோடாக் கம்பெனியில சிங் டாங்னு ஒருத்தரும் வான் ஸ்லைக்னு ஒருத்தரும் செஞ்சு காட்டின சங்கதி, வீட்டுப் பெரிய திரைக்கு வர்றதுக்கு கால் நூற்றாண்டு ஆச்சு. படத்துக்கு அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல, அதை மறுக்க மாட்டேன்.

சித்தப்பா: ஆனா எங்க அப்பா, உங்க தாத்தா, பாக்குறது நியூஸ். ஒரே சேனல். மூலையில லோகோ, அடியில சிவப்புப் பட்டை, காலைலேருந்து ராத்திரி வரைக்கும் அசையாம நிக்கும். அந்த இடத்துப் புள்ளி மட்டும் சீக்கிரம் தேய்ஞ்சு தழும்பு விழுந்துடும். இப்ப வர்ற செட்ல படத்தை லேசா நகர்த்துறது, லோகோவை மங்க வைக்கிறதுன்னு தடுப்பு எல்லாம் இருக்கு. இருந்தாலும் இப்படி ஓடுற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அக்கா: எங்க பக்கத்து வீட்டுல பார்த்திருக்கேன்! கிரிக்கெட் போட்டா பச்சை மைதானத்துல சேனல் லோகோ நிழல் மாதிரி நிக்குது. முதல்ல பந்துன்னு நினைச்சேன். ஒரு தடவை கண்ணுல பட்டுடுச்சுன்னா அப்புறம் அதுதான் தெரியுது.

சித்தப்பா: அதேதான். அதோட ஜன்னல் வேற இருக்கு. பகல் வெளிச்சத்துல திரை பளபளன்னு கண்ணாடி மாதிரி அடிக்கும். நமக்கு வெளிச்சம் அதிகம் தர்றது வேணும். மினி எல்இடி பாருங்க.

அம்மா: க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி... ஒரே எழுத்தா இருக்கு. எது எதுன்னு ஒரு வரில சொல்லுங்க தம்பி.

சித்தப்பா: அண்ணி, ஓஎல்இடி தானே எரியும். மத்தது எல்லாமே எல்சிடிதான், பின்னால விளக்கு. மினி எல்இடின்னா அந்த விளக்கு ரொம்பச் சின்னதா, ஆயிரக்கணக்குல கூட இருக்கும், பகுதி பகுதியா அணைச்சு ஏத்தலாம். க்யூன்னா நடுவுல குவாண்டம் டாட் பூசின ஃபிலிம், நிறம் சுத்தமா வர்றதுக்கு. அந்த குவாண்டம் டாட்டுக்குத்தான் 2023ல கெமிஸ்ட்ரி நோபல் கொடுத்தாங்க. பல செட்ல க்யூவும் மினியும் சேர்ந்தே வரும்.

அம்மா: இது புரிஞ்சுது. அப்போ மினி எல்இடி. ஆனா மாமா பக்கவாட்டுல உக்காந்தா வெளுத்துப் போகும்னு சொன்னீங்களே?

அப்பா: நாற்காலியை நேரா மாத்திப் போட்டுடலாம்.

அம்மா: கேட்டுட்டு வர்றேன்.

அம்மா: 🎤 குரல் செய்தி 0:38

அம்மா: மாமா பேசினது. வெளியில இருக்கிறவங்களுக்காக எழுதுறேன். "அந்த ஜன்னல் ஓரம் எனக்கு வேணும்மா. பேப்பர் படிக்க வெளிச்சம் அங்கதான். டிவி எது வேணா வாங்குங்க. எழுத்து தெரியணும், பேசுறது புரியணும். ரிமோட்ல நம்பர் இருக்கணும்."

அக்கா: தாத்தா எவ்வளவு தெளிவா சொல்லிட்டார் பாருங்க. நாற்காலியை மாத்த வேண்டாம்பா. அவர் இடம் அது.

நான்: நாற்காலி நகரக் கூடாதுன்னா டிவியைத் திருப்பலாமே? கை மாதிரி வெளிய இழுக்கிற வால் மவுண்ட் வருது.

சித்தப்பா: சபாஷ். அதுதான் வழி. பகல்ல அப்பா பக்கம் திருப்பி வை, சாயந்திரம் எல்லாரும் உக்காரும்போது நேரா தள்ளிடு. இப்ப தம்பிக்குப் பதில்: 75 ஏன் வேண்டாம்னு. டிவியைத் திருப்பினா ஒரு ஓரம் சுவர் பக்கம் போகும். அது இடிக்காம இருக்கணும்னா கை வெளிய வரணும். 65ஐ 30 டிகிரி திருப்ப 36 செ.மீ. வந்தா போதும். டிவி முன்னால வர்றதையும் சேர்த்தா அப்பாவுக்கு மிச்சம் 20, 25 டிகிரி சாய்வுதான், நிறம் அவ்வளவா கெடாது. 75ன்னா 42 செ.மீ. வேணும், எடையும் கூடும். கையை எவ்வளவு நீட்டுறோமோ அவ்வளவு போல்ட்டுல இழுப்பு.

தம்பி: சரி சித்தப்பா 😔 65க்கு ஓகே. ஆனா 120 ஹெர்ட்ஸ் வேணும், நொடிக்கு 120 தடவை படம் மாறுறது. கேம் கன்சோலுக்கு.

சித்தப்பா: அது நியாயமான கேள்வி. பேனல் நேட்டிவ் 120ஆ, அதாவது நிஜமாவே 120ஆன்னு கேளு. "மோஷன் ரேட் 120"ன்னு போட்டிருந்தா உள்ள 60 பேனலா இருக்கலாம். எச்டிஎம்ஐ 2.1 போர்ட் எத்தனைன்னும் பாரு. நாலு போர்ட் இருந்தாலும் பல மாடல்ல ரெண்டுதான் 4கே 120 எடுக்கும், அந்த ரெண்டுல ஒண்ணே ஈஆர்க் போர்ட்டாவும், அதாவது சவுண்ட்பாருக்குச் சத்தம் அனுப்புற போர்ட்டாவும் இருக்கும். சவுண்ட்பார் மாட்டினா உனக்கு மிச்சம் ஒண்ணுதான்.

தம்பி: ஒண்ணு போதும். 8கே எடுக்கலாமா? 4கேயை விடப் புள்ளி இன்னும் நிறைய வருமே.

சித்தப்பா: வேண்டாம். எட்டரை அடியில 65 இன்ச்சுக்கு 4கே புள்ளியே சாதாரணக் கண்ணு பிரிச்சுப் பார்க்கிறதை விடச் சின்னது.

அப்பா: சவுண்ட்பார் அவசியமா?

நான்: தாத்தா "பேசுறது புரியணும்"னு சொன்னாரே அப்பா. மெல்லிசான டிவில ஸ்பீக்கர் அடியில, தரையைப் பார்த்து இருக்கு. நடுவுல தனி ஸ்பீக்கர் இருக்கிற சவுண்ட்பாரா எடுத்தா பேச்சு தனியா எடுப்பா கேட்கும். இப்பவே சத்தம் கூட்டிக் கூட்டி வைக்கிறார், அவருக்கும் சங்கடம், அம்மாவுக்கும் தலைவலி. படத்துக்குக் கொடுக்கிற கவனத்துல பாதியாவது இதுக்குக் கொடுக்கணும்.

அம்மா: ஆமா, அது வேணும்.

சித்தப்பா: இன்னொண்ணு. எழுத்து தெரியணும்னா டிவி மட்டும் பெருசானா போதாது. நம்ம செட்டாப் பாக்ஸ் இன்னும் மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர்லதானே மாட்டியிருக்கு? அதுல வர்ற பழைய 576 வரிப் படத்துல மொத்தம் 4 லட்சம் புள்ளிதான். 4கே திரையில 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதா இழுத்துப் போடணும், எந்த டிவியா இருந்தாலும் கலங்கித்தான் தெரியும். புது டிவி வந்ததும் எல்லாரும் "பழசே தேவலாம்போல"ன்னு சொல்றது இதனாலதான். எச்டிஎம்ஐ வயர் மாத்துங்க, அந்த நியூஸ் சேனலோட எச்டி இருக்கான்னு பாருங்க.

அப்பா: அடடா, இத்தனை வருஷமா அந்த வயர்தான்.

அக்கா: ரிமோட் நம்பர்? புது டிவி ரிமோட்ல பட்டனே இல்லையே.

நான்: செட்டாப் பாக்ஸ் ரிமோட்டே தாத்தாகிட்ட இருக்கட்டும். நம்பர் அதுல இருக்கு. டிவியை ஆன் பண்ணினா நேரா பாக்ஸுக்கே போற மாதிரி செட்டிங்ல வச்சுடலாம், ஆப் பக்கமே வராது.

அம்மா: அது நல்லது. விளம்பரம் நிறைஞ்ச அந்த முதல் பக்கத்தைப் பார்த்தாலே அவருக்குக் குழப்பம்.

நான்: செட்டப் பண்ணும்போது எல்லாத்துக்கும் "ஏற்கிறேன்" கொடுத்துடாதீங்க. திரையில என்ன ஓடுதுன்னு கவனிச்சு அனுப்புற ஒரு வசதி இருக்கு, ஏசிஆர்னு. அதை அணைச்சுடணும்.

அப்பா: சரி. கடையில என்ன பாக்கணும்?

சித்தப்பா: கடையில எல்லா செட்டும் விவிட் மோடுல, கண்ணைப் பறிக்கிற டெமோ வீடியோவோட ஓடும். அதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சினிமா இல்ல ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாத்தச் சொல்லி, முகத்தோட நிறம் மனுஷ நிறமா இருக்கான்னு பாருங்க. நியூஸ் சேனல் போடச் சொல்லிட்டு, 45 டிகிரி பக்கவாட்டுல ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுங்க. அப்புறம் 25 டிகிரில நில்லுங்க. அடியில ஓடுற எழுத்து இழுபடுதான்னு கவனிங்க. வீட்டுல சினிமா பார்க்கும்போது அசைவை வழவழன்னு ஆக்குற மோஷன் ஸ்மூத்திங்கை அணைச்சுடணும், இல்லைன்னா படம் சீரியல் மாதிரி வழுக்கும்.

சித்தப்பா: மவுண்ட்டுக்கு: டிவி பின்னால நாலு ஓட்டை இடைவெளி பாருங்க, 300க்கு 300, 400க்கு 400 மி.மீ.ன்னு போட்டிருக்கும். அதுக்கும் எடைக்கும் பொருந்துற கை வேணும். சுவர் செங்கல் சுவர்தான், தாங்கும். திரையோட நடு தரையிலேருந்து 105 செ.மீ. வந்தா உக்காந்தவங்க கண்ணுக்கு நேர். கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற உயரத்துல மாட்ட விடாதீங்க, மாட்ட வர்றவங்க பழக்கத்துல மேல தூக்கிடுவாங்க.

தம்பி: சுவர்ல பென்சில்ல கோடு போட்டு வைக்கிறேன். அடி ஓரம் 65 செ.மீ.ல வரும்.

சித்தப்பா: அருமை. வீட்டுக்கு வரும்போது பெட்டி நின்ன வாக்குலயே வரணும், படுக்கப் போட்டா வாங்காதீங்க. கொண்டு வந்தவங்க இருக்கும்போதே பிரிச்சு ஆன் பண்ணி, முழு வெள்ளை, முழு சாம்பல் படம் போட்டுப் பாருங்க. கீறலோ புள்ளியோ இருந்தா அங்கேயே சொல்லிடணும். பேனல் போச்சுன்னா அதை மாத்துற செலவு புது டிவி கிட்ட வந்துடும். தூக்கும்போது விரல் திரையில படக் கூடாது, ஓரத்தைப் புடிக்கணும்.

அம்மா: துடைக்கிறதுக்கு?

சித்தப்பா: காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணி அண்ணி. ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அடியில இறங்கிடும்.

அப்பா: சரி, முடிவு. 65 இன்ச், மினி எல்இடி, நேட்டிவ் 120, இழுத்துத் திருப்புற மவுண்ட், நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார். ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறோம். அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். எழுத்து தெரியுதான்னு அவரே பார்த்துச் சொல்லட்டும்.

அக்கா: அவருக்கு உக்கார ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போடுங்கப்பா. நின்னுக்கிட்டுப் பார்த்தா கோணம் மாறிடும்.

சித்தப்பா: கிளம்பும்போது ஒரு போன் போடுங்க அண்ணே, நானும் வந்துடறேன்.