புதுப்பிப்பு: ஒன்றாம் வகுப்பில் ண, ன குழப்பம் தீர்ந்தது

தொடக்கக் கல்விப் பட்டயம், ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாள் எல்லாம் முடித்து ஆசைப்பட்ட ஒன்றாம் வகுப்புக்கே வந்தேன். பிள்ளைகள் ண, ன இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்களே என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எழுத்து அட்டைகள் பெரிதாக உதவவில்லை. பலித்தது புளியங்கொட்டை யோசனைதான். தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, கோட்டின் மேல் கொட்டைகளை அடுக்கச் சொன்னேன். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்பது விரலுக்கே பழகிவிட்டது. அப்புறம் ‘கண்’, ‘மீன்’ என்று சொல்லவைத்து, நாக்கு எங்கே தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் பெரும்பாலானோர் பிரித்து எழுதினார்கள்.

எதிர்பாராதது ஒன்று. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத சிறுமி, கடைசிக் கொட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்து, “மூணு சுழி, டீச்சர்” என்றாள். அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

செய்து பார்ப்பவர்கள் கொட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள்.