அமில டிடர்ஜென்டில் கரையாத புரதம்: என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,
தீவன ஆய்வகக் கையேட்டின் புரத அத்தியாயம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லுக்காக நிற்கிறேன். அரைத்த உலர்புல் அரை கிராமை 100 மி.லி. அமில டிடர்ஜென்டில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் செல்லுலோசும் லிக்னினும் (செடியைக் கடினமாக்கும் பொருள்) எஞ்சும். அந்தச் சக்கையில் உள்ள நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கி வரும் புரதம் மாட்டுக்குப் பயன்படாது. 'கட்டுண்ட புரதம்' சரியா?

---
போதாது ஐயா. நடுநிலை டிடர்ஜென்டில் எஞ்சும் சக்கையிலும் புரதம் கட்டுண்டுதான் கிடக்கிறது; அதில் ஒரு பகுதி முதல் இரைப்பையில் மெல்ல விடுபடும். ஒரே சொல் வைத்தால் கணக்குத் தப்பும். (அந்தச் சோதனையில் சோடியம் சல்பைட் சேர்க்கக் கூடாது என்றும் எழுதுங்கள். அது டைசல்பைடு பிணைப்பை உடைத்துப் புரதத்தைக் கரைத்துவிடும்.) நடுநிலைச் சக்கையில் உள்ளதற்கு 'நார்ப்பிணைப் புரதம்', அமிலச் சக்கையில் உள்ளதற்குக் 'காழ்ப்புரதம்'. புறத்தே காழ் (வைரம், கடினப் பகுதி) உடையது புல், அகத்தே உடையது மரம் என்று மரபியலில் தொல்காப்பியர் பிரித்தாரே. லிக்னினுக்கு இதைவிட நல்ல சொல் ஏது?

---
மாணவர் அதைக் 'காழ்ப்பு' என்றுதான் படிப்பார். உரைகாரர் பனையையும் தெங்கையும்கூட அந்தப் புல்லில் சேர்க்கிறார்கள். பொருளும் முழுக்கப் பொருந்தவில்லை. ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதே கட்டிய உலர்புல் உள்ளே சூடேறும்; சர்க்கரையும் அமினோ அமிலமும் இணைந்து பழுப்பாகும், புகையிலை வாசம் அடிக்கும். மாடு விரும்பித் தின்னும், புரதம் சாணத்தோடு போகும். அதைப் பிடித்துவைத்தது லிக்னின் இல்லை. சோதனையில் லிக்னினோடு எஞ்சுகிறது, அவ்வளவே. மாதிரியை 60 பாகைக்கு மேல் உலர்த்தினாலும் இதே கோளாறு. 'செரியாப் புரதம்' என்போம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எவருக்கும் விளங்கும்.

---
ஆய்வக அறிக்கைத் தாளில் 'ஏடிஎஃப் புரதம்' (ஏடிஎஃப் என்பது அமில டிடர்ஜென்டில் எஞ்சும் நார்) என்றுதானே வருகிறது? அதையே வைத்தால் தாளையும் கையேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எளிது.

---
'செரியா' விளைவைச் சொல்கிறது, சோதனையைச் சொல்லவில்லை. சாராய ஆலைத் தானியச் சக்கையில் இதே பகுதியில் ஒரு பங்கு செரிக்கத்தான் செய்கிறது. 'அமில எச்சப் புரதம்' என்றால் பொய் வராது.

---
நன்றி. கையேடு உலர்புல்லைப் பற்றியது என்பதால் அட்டவணையில் 'செரியாப் புரதம்' போடுகிறேன். உலர்புல்லில் உள்ள 12 விழுக்காடு புரதத்தில் 3 விழுக்காடு செரியாது என்றால் 9-ஐக் கணக்கில் எடு என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறது. அடிக்குறிப்பில் 'அமில எச்சப் புரதம்', பக்கத்தில் ஏடிஎஃப்.

---
எனக்கு உடன்பாடில்லை. காழை லிக்னினுக்காவது வையுங்கள்.