மறு: மருத்துவர், மருத்துவமனை ‘வால்யூம்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிகிச்சையை ஒரு மருத்துவரோ மருத்துவமனையோ ஆண்டுக்கு எத்தனை தடவை செய்கிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் ‘வால்யூம்’ என்கிறார்கள். நோயாளிகளுக்கான துண்டறிக்கையில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். குழுவில் ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘செயல்முறைக் கன அளவு’ என்றே வைக்கலாம். வால்யூமுக்கு இயற்பியலில் புழங்கும் சொல்தானே.

ஐயா, இந்தச் சொல்லைப் போட்டுத்தான் துண்டறிக்கையின் வரைவை எழுதினேன். போன ஞாயிறு இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் நடந்த இருதயநோய் விளக்கக் கூட்டத்தில் அதைக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி நிதானமாகப் படித்தார். “கன அளவுன்னா என்னம்மா, நெஞ்சு வீங்கியிருக்குன்னு அர்த்தமா?” என்று கேட்டார். அவர் கணவருக்கு அடுத்த மாதம் ஸ்டென்ட், அதாவது அடைபட்ட இருதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய், வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லை அங்கேயே அடித்துவிட்டேன். கன அளவு என்பது இடத்தை அடைக்கும் பொருளுக்கு உரியது. நமக்கு வேண்டியது, ஒரு மருத்துவரோ ஒரு மருத்துவமனையோ ஓராண்டில் ஒரு குறிப்பிட்ட சிகிச்சையை எத்தனை தடவை செய்திருக்கிறார்கள் என்ற கணக்கு.

அடுத்த சொல் ‘செய்தொகை’. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வினைத்தொகை, செய்த, செய்கிற, செய்யும் எல்லாம் அதற்குள் அடங்கும். மக்கள்தொகை என்று சொல்லிப் பழகிய நமக்குத் தொகை புதிதும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் தொகை என்றால் பணம்தான். பக்கத்தில் இருந்த அக்கா, “எவ்வளவு வெள்ளி கட்டணும்?” என்று கேட்டுவிட்டார். முன்னால் ‘ஆண்டு’ சேர்த்தால் வருடக் கட்டணம் போலவே ஆகிவிடும்.

அப்புறம் ‘கைப்பழக்கம்’. குழுவில் நான்கு பேர் இதை ஆதரித்திருக்கிறீர்கள், கேட்கவும் இனிமைதான். இதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன்.

செய்யும் எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு வழிகாட்டியது 1979-இல் அமெரிக்காவில் வந்த ஒரு கட்டுரை. 1,498 மருத்துவமனைகளில் 12 வகை அறுவைச் சிகிச்சைகளின் இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். திறந்த இருதய அறுவை, பைபாஸ் போன்றவற்றை ஆண்டுக்கு 200 அல்லது அதற்கு மேல் செய்த இடங்களில், குறைவாகச் செய்த இடங்களைவிட, இறப்பு வீதம் 25 முதல் 41 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. சரி, காரணம் என்ன? செய்யச் செய்யக் கை தேறுகிறது என்பது ஒரு விளக்கம். நன்றாகச் செய்கிற இடத்தைத் தேடி நோயாளிகள் போவதால் அங்கே எண்ணிக்கை கூடுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடம் உண்டு. ‘கைப்பழக்கம்’ என்று பெயர் வைத்தால் முதல் விளக்கத்துக்கு மட்டும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க ஒரு காலையில் நானூறு மரம் சீவியவர். மரக்கணக்கு வேறு, பட்டையில் காயம் வேறு. பின்னாலேயே வரும் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், குனிந்து, வெட்டில் விரலை வைத்து, கத்தி கட்டை வரை இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நிறைய மரம் சீவும் கைகளில் காயம் குறைவு என்பது அம்மாவின் அனுபவம். ஆனால் நல்ல கைக்குத்தான் நல்ல மர வரிசையும் கிடைத்தது என்று அவரே சொல்வார். எத்தனை மரம் என்பதையும் எத்தனை காயம் என்பதையும் தனித்தனியாக எழுதினால்தான் இரண்டுக்கும் உள்ள உறவைக் கேட்க முடியும். நம் சொல்லும் எண்ணினால் போதும், பாராட்டக் கூடாது.

அதனால் என் பரிந்துரை ‘செய்கை எண்ணிக்கை’. மருத்துவர் செய்கை எண்ணிக்கை, மருத்துவமனைச் செய்கை எண்ணிக்கை என்று பிரிக்கலாம். பிரிப்பது அவசியம். பைபாஸ் ஒருவர் கைவேலை அல்ல. மயக்க மருந்து கொடுப்பவர், தீவிரச் சிகிச்சைப் பிரிவின் இரவுத் தாதி, இரத்த வங்கி எல்லாரும் சேர்ந்ததுதான் மருத்துவமனை. சிக்கல் எங்கும் வரலாம், வந்த பிறகு நோயாளியை மீட்பது அந்தக் கூட்டம்தான். அமெரிக்க இருதய அமைப்புகளும் தனித்தனியாகவே எண்ணுகின்றன. பலூன், ஸ்டென்ட் சிகிச்சைக்கு மருத்துவர் ஆண்டுக்கு 75 செய்ய வேண்டும் என்றிருந்ததை 2013-இல் 50 ஆக்கினார்கள். மருத்துவமனைக்கு 200 என்று வைத்தார்கள்.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் விழுக்காடு ஆடும் என்பதையும் கலைச்சொல் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 20 பேருக்குச் செய்யும் இடத்தில் ஒருவர் இறந்தால் 5 விழுக்காடு. 400 பேருக்குச் செய்யும் இடத்தில் அதே ஒருவர் கால் விழுக்காடு. முதியவர்களும் முற்றிய நோயாளிகளும் எங்கே அதிகம் வருகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிட்டால், கடினமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவரைத்தான் குற்றவாளி ஆக்குவோம்.

துண்டறிக்கையில் நான் மாற்றவே மாட்டேன் என்கிற வரி ஒன்று உண்டு: திடீரென்று மார்வலி வந்தால் எண்ணிக்கை விசாரிக்க நிற்காதீர்கள், உடனே 999-ஐ அழையுங்கள். மாரடைப்பில் நிமிடம் போகப் போக இருதயத் தசை சாகிறது. எண்ணிக்கையைக் கேட்க வேண்டியது, நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு, அவகாசம் இருக்கும்போது.

‘செய்கை’க்குப் பதில் ‘சிகிச்சை’ போதுமே என்று பினாங்கிலிருந்து தம்பி கேட்டிருந்தார். மாத்திரை கொடுப்பதும் சிகிச்சைதான் தம்பி, அதை இங்கே எண்ணுவதில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனி காலை அச்சுக்குக் கொடுக்கிறேன். அந்தப் பாட்டியிடம் புது வரைவை நாளைக்குக் காட்டப்போகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து