புதுப்பிப்பு: ஜாவாஸ்கிரிப்ட் எழுத்து எண்ணி இப்போது தமிழைச் சரியாக எண்ணுகிறது

போன வாரம் கேட்டிருந்தேன்: கவிதை தட்டச்சு செய்யும் பெட்டிக்குக் கீழே எழுத்து எண்ணிக்கை காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினேன், ‘தமிழ்’ என்று அடித்தால் 3-க்குப் பதில் 5 காட்டுகிறது, ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம், நான் பயன்படுத்திய லெங்த் பண்பு, அதாவது ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தைச் சொல்வது. அது நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணுவதில்லை. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூடிஎஃப்-16 முறையின் அலகுகளை எண்ணுகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. சரத்தை மூன்று புள்ளி போட்டு அணியாக (பட்டியலாக) விரிக்கும் யோசனையையும் முயன்றேன், அப்போதும் ஐந்துதான். கைகொடுத்தது இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter), சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள கருவி. மொழி ‘டிஏ’ (தமிழின் குறியீடு), அளவு ‘கிராஃபீம்’ (பார்வைக்கு ஓர் எழுத்து) என்று கொடுத்து, வரும் துண்டுகளை எண்ணினால் த, மி, ழ். மூன்று! திரையில் அதைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

எதிர்பாராதது ஒன்று: ‘பக்ஷி’க்கு 3 வருகிறது. யூனிகோடு விதிப்படி க்-கும் ஷி-யும் தனித்தனி. எனக்கு க்ஷ ஓர் எழுத்தாக வேண்டும் என்பதால், எண்ணும் முன் ‘க்ஷ’வை ‘ஷ’ ஆக மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, விசையை அழுத்தி விட்டதும் எழும் கீஅப் நிகழ்வை நம்பாதீர்கள். மவுஸால் ஒட்டினால் அது எழாது. பெட்டியில் உள்ளது மாறும்போதெல்லாம் எழும் இன்புட் நிகழ்வுக்கு மாற்றிய பிறகே எண் உடனுக்குடன் மாறியது. பழைய ஃபயர்பாக்ஸில் செக்மென்டர் கிடையாது, 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. அதனால் முதலில் அது இருக்கிறதா என்று ஒரு இஃப் (நிபந்தனை) போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.