ரூட் கார்டு, லூப் கார்டு, பி.பி.டி.யு. கார்டு: மூன்றுக்கும் ‘காவல்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் பாதுகாப்பு வசதிகளுக்கு நீங்கள் தந்த தமிழ்ச்சொல் பட்டியலைப் பார்த்தேன். தரவு சுற்றிக்கொண்டே இருக்கும் சுழல் வராதபடி சில வழிகளை அடைத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீக்குப் ‘பரவு மரம்’, அதற்காக ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் பி.பி.டி.யு.வுக்கு ‘மடல்’, இரண்டும் எனக்குச் சம்மதம். ரூட், லூப், பி.பி.டி.யு. கார்டுகளுக்கு (guard) நீங்கள் வைத்த வேர்க்காவல், சுழல்காவல், மடல்காவல் என்ற மூன்றில்தான் முதலாவதை மட்டும் ஏற்க முடிகிறது.

பரவு மரத்துக்குத் தலைமையான வேர் ஸ்விட்ச்சின் இடத்தை இன்னொன்று பிடித்துவிடாமல் காப்பது ரூட் கார்டு. அதனால் வேர்க்காவல் சரி. சுழல்காவல் என்றால் சுழலைக் காப்பது என்றல்லவா பொருள் வருகிறது? நோய்த்தடுப்பு என்கிறோம், நோய்க்காவல் என்று யாரும் சொல்வதில்லை. வரக்கூடாததற்குத் ‘தடுப்பு’தான் சரி. எனவே லூப் கார்டு ‘சுழல் தடுப்பு’ ஆகட்டும். இது வேலை செய்யும் விதமும் மற்ற இரண்டுக்கு நேர்மாறு. அவை வரக்கூடாத மடல் வந்தால் விழித்துக்கொள்ளும். இது வரவேண்டிய மடல் நின்றால் விழித்துக்கொள்ளும். ஃபைபரில் ஒரு இழை மட்டும் போய்விட்டால், 2 நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மடல் நின்றுவிடும். அடைத்து வைத்த துறை (போர்ட், கேபிள் செருகும் இடம்) 20 நொடி பார்த்துவிட்டு, எதிரே யாரும் இல்லை என்று எண்ணித் திறக்கப் போகும். சுழல் அங்கேதான் பிறக்கிறது.

பி.பி.டி.யு. கார்டுக்குத் ‘தடுப்பு’ கூடாது. மடலைத் தடுப்பது பி.பி.டி.யு. ஃபில்டர். கார்டோ மடல் வந்ததுமே துறையை மூடிவிடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கார்டு போடவேண்டிய துறையில் ஃபில்டர் போட்டால் பாதுகாப்பே போய்விடும்.

கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய பெரிய வீடுகளில் இதன் அருமை தெரியும். தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது. முகப்பில் ஒரு ஸ்விட்ச், இரண்டாம் கட்டில் ஒன்று, அடுப்படிப் பக்கம் இன்னொன்று என்று வைக்கிறோம். அறையில் கிடக்கும் சின்ன ஸ்விட்ச்சில் யாராவது ஒரே கேபிளின் இரு முனையையும் செருகிவிட்டால் போதும். ஈதர்நெட் சட்டகத்துக்கு (தரவுப் பொட்டலம்), இத்தனை தாவலோடு அழி என்று சொல்லும் ஆயுள் எண் எதுவும் இல்லாததால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். வரவேற்பறைக் கணினி வரை எல்லாம் நிற்கும். பி.பி.டி.யு. கார்டு போட்டிருந்தால், நம் ஸ்விட்ச் அனுப்பிய மடல் சுற்றித் திரும்பி வந்ததுமே அந்த ஒரு துறை மட்டும் அணைந்துவிடும். அதற்குத் ‘துறையடைப்பு’ என்று வைக்கலாமா?

காரைக்குடியிலிருந்து

*

தம்பி,

காவல், தடுப்பு வேறுபாட்டை ஏற்கிறேன். பட்டியலைத் திருத்திவிடுகிறேன். ஆனால் ‘அடைப்பு’ வேண்டாம். குழாயில் அடைப்பு என்று கேட்டுப் பழகிய காது அதைப் பழுது என்றே எடுத்துக்கொள்ளும். ‘துறைப்பூட்டு’ என்றால் என்ன? வேர்க்காவலில் தகாத மடல் நின்றதும் துறை தானே திறந்துகொள்கிறது. பி.பி.டி.யு. கார்டில் அப்படி இல்லை, ஆள் வந்து ஷட்டவுன் (துறையை அணைக்கும் கட்டளை) கொடுத்து எடுத்தால்தான் திறக்கும். பூட்டு என்ற சொல்லிலேயே அது வந்துவிடுகிறது.

தேவகோட்டையிலிருந்து

*

ஐயா,

பூட்டு அருமை. சிஸ்கோ நிறுவன ஸ்விட்ச்சில் தானாக மீளும்படி அமைத்தாலும், நாம் மாற்றாதவரை 300 நொடி பூட்டியேதான் இருக்கும். ஒரே ஒரு தயக்கம். அனுமதியில்லாத கருவியைத் தடுக்கும் போர்ட் செக்யூரிட்டியும் துறையைப் பூட்டக்கூடியதுதான். துறைப்பூட்டு இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும், இதை ‘மடல்வழிப் பூட்டு’ என்று பிரித்துச் சொல்லலாம்.

அப்புறம், போர்ட்ஃபாஸ்ட் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. துறை திறக்குமுன் மடலைக் கேட்பதற்கு 15, முகவரிகளைக் கற்பதற்கு 15 என்று 30 நொடி காக்காமல் உடனே திறப்பதால் ‘உடன்திறப்பு’ என்கிறேன். உடன்திறப்பு கொடுத்த துறையிலெல்லாம் மடல்வழிப் பூட்டும் போட வேண்டும் என்ற குறிப்பையும் அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள்.