ஆம்னி பின்பக்க டிரம் கழலவே இல்லை, பிரேக் ஷூ மாற்ற வழி சொல்லுங்கள்

சேலத்து ஆம்னி:
2004 மாடல் மாருதி ஆம்னி வேன், அப்பா பூ ஏற்றி ஓட்டிய வண்டி. போன வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்கியும், பிரேக் அழுத்தினால் வண்டி வலது பக்கம் இழுத்தது. ஹேண்ட் பிரேக்கும் சரிவில் நிற்கவில்லை. இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த பட்டை) தேய்ந்திருக்கும் என்று புது செட் வாங்கி வந்து சக்கரத்தைக் கழற்றினால், ஷூவை மூடியிருக்கிற டிரம் அசையவே இல்லை, சுத்தியலால் தட்டியும் பார்த்துவிட்டேன். எப்படி எடுப்பது? இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய வண்டிக்காரன்:
தம்பி, சுத்தியலைக் கீழே வையுங்கள், டிரம் வார்ப்பிரும்பு, விளிம்பில் அடித்தால் உடைந்துவிடும். டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும், துரு அடைத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அந்த இரண்டிலும் 8 எம்எம் போல்ட்டைப் போட்டு, இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக்கை விட்டு, கேபிள் நட்டையும் நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு மேடு நின்றிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொண்டுதான் வராமல் அடம்பிடிக்கும்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. ஆம்னி பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டி. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி ஹேண்ட் பிரேக்கையும் விட்டுவிட்டால், கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது, தூக்கிய சக்கரம் சும்மா சுற்றிக்கொள்ளும், வண்டி உருளும். அதனால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், செங்கல் அடுக்குவது கூடவே கூடாது.

ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் மறுபடி இழுக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்து மாட்டலாம், எதற்கும் போனில் படமும் எடுத்து வையுங்கள்.

மலைக்காட்டு ஓட்டுநர்:
மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. எனக்கு அந்த ஈரம்தான் கவலையாக இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புது ஷூ போடாதீர்கள், பத்து நாளில் அதுவும் நனைந்து வீணாகும். நான் ஒருமுறை அப்படித்தான் இரண்டு செட் காசைக் கரைத்தேன், மெக்கானிக் ஷூவையே மாற்றிக்கொண்டிருந்தார், கசிவைப் பார்க்கவில்லை.

அங்கே இரண்டு எண்ணெய்தான் வர முடியும். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில், அல்லது ஆக்சில் சீல் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய் கிரவுன் ஆயில், அதாவது பின் ஆக்சில் பற்சக்கரங்களுக்கு ஊற்றுகிற எண்ணெய். விரலில் தொட்டுத் தண்ணீரில் காட்டுங்கள், பிரேக் ஆயில் என்றால் உடனே கரைந்து விரல் சுத்தமாகிவிடும், கிரவுன் ஆயில் வழவழவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும், கந்தகம் கலந்த ஒரு நாற்றமும் வரும். பிறகு சிலிண்டரின் இரண்டு முனை ரப்பரையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள், உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டரை மாற்றிவிட்டு பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கிரவுன் ஆயில் என்றால் ஆக்சிலை வெளியே இழுத்துத்தான் சீல் மாற்ற முடியும், அதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அப்படியே ஆக்சில் மேல் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு வரும்.

எண்ணெய் குடித்த ஷூவை பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம், சூடானால் மறுபடி கசியும். டிரம்முக்குள் இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடித்தும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூ மேல் இருக்கிற, உரசித் தேயும் பகுதி) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அப்படியே கவரில் கட்டிப் போடுங்கள்.

சேலத்து ஆம்னி:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். 8 எம்எம் போல்ட் போட்டதும் ஐந்தே நிமிடத்தில் டிரம் வந்துவிட்டது. அந்த டிரம்முக்குள் இருக்கிற இரண்டில் முன்பக்க ஷூ பாதி தேய்ந்திருக்கிறது, பின்பக்க ஷூவில் லைனிங் நிறையவே இருக்கிறது, ஆனால் இரண்டும் கறுப்பாக ஊறிப்போயிருக்கின்றன. தண்ணீரில் மூன்று முறை கழுவியும் விரலில் வழவழப்பு போகவில்லை, சோப்புப் போட்டுத்தான் போனது. சிலிண்டர் ரப்பருக்குள் காய்ந்தே இருக்கிறது, அப்போ கிரவுன் ஆயில்தானே?

மலைக்காட்டு ஓட்டுநர்:
அதேதான் தம்பி. புது ஷூவைக் கவரிலிருந்து எடுக்காமல் வையுங்கள், முதலில் சீல். முன்பக்க ஷூ அதிகம் தேய்வது இயல்பு, முன்னால் ஓடும்போது டிரம் சுற்றுகிற வேகமே அதை இழுத்து அழுத்தும். சீல் மாற்றிய பிறகு டிரம்மின் உள்ளே எண்ணெய் இல்லாமல் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், மேலே ஏறுவதற்கு முன்னால் சமதரையில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள்.